சூரியநெல்லிக் கொழுந்தில் ஊலாங்: பறிப்பிலிருந்து டப்பா வரை

கேள்வி இதுதான்: மூணாறுக்கு அருகே சூரியநெல்லிப் பக்கம் ஒரு ஏக்கருக்கும் குறைவாகத் தேயிலை இருக்கிறது. வீட்டிலேயே கையால் உருட்டிக் கொஞ்சம் பிளாக் டீ செய்து பழக்கம் உண்டு. ஊலாங் செய்து பார்த்தால் ஒரு தடவை பிளாக் டீ மாதிரியே வருகிறது, அடுத்த தடவை பச்சை வாடை அடித்துக் கசக்கிறது. எங்கே தவறு நடக்கிறது?

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். ஊலாங்கை எல்லோரும் "பாதி நொதித்த டீ" என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, பிளாக் டீக்குச் செய்வது போலவே வாட்டி, உருட்டி, நிறம் பாதி மாறியதும் அடுப்பில் போட்டு நிறுத்துகிறோம். அப்படிச் செய்தால் பாதி வெந்த பிளாக் டீ கிடைக்கும், ஊலாங் கிடைக்காது. ஊலாங் இலையில் ஓரம் மட்டும் நன்றாகச் சிவந்திருக்கும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். ஒரே இலைக்குள் இரண்டு டீ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறது அல்லவா, தேயிலையிலும் அதே வேலைதான் நடக்கிறது. பேக்டரியில் நொதித்தல் என்று சொன்னாலும் இதில் கிருமி எதற்கும் பங்கில்லை. துவர்ப்புத் தரும் கேட்டச்சின்கள் செல்லுக்குள் ஒரு பையில் இருக்கின்றன. அவற்றை மாற்றும் என்சைம் வேறு அறையில் இருக்கிறது. செல் உடைந்தால் இரண்டும் கலந்து, காற்றுப் பட்டு சிவக்கின்றன. உருட்டினால் இலை முழுக்க உடையும். அதனால் ஊலாங்கில் உருட்டுவது சூடு காட்டி என்சைமைக் கொன்ற பிறகுதான். அதற்கு முன்னால் செய்வதெல்லாம் இலையைத் தட்டில் மெல்லக் குலுக்கி, ஓரத்தை மட்டும் காயப்படுத்துவது. பிளாக் டீயில் வாட்டு, உருட்டு, சிவப்பு, உலர்த்தல் என்று வரிசை. ஊலாங்கில் வெயில் வாட்டு, குலுக்கல், சூடு, உருட்டு, உலர்த்தல். இந்த வரிசையை மாற்றாத வரை வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை.

எவ்வளவு சிவக்க விடுவது என்பது ஊருக்கு ஊர் வேறு. இந்த முறையின் தாயகம் சீனாவின் ஃபூஜியான் மாநிலம். வூயி மலையில் நீள இலையாகவும், ஆன்ஷியில் உருண்டையாகவும் செய்கிறார்கள். அங்கிருந்து தைவானுக்குப் போனது. 1869-ல் ஜான் டாட் என்ற வணிகர் அதை நியூயார்க்குக்கு ஏற்றுமதி செய்தார். தைவானின் பாவ்ஜோங் வகையில் 10, 15 சதவீதம்தான் மாற்றம் நடக்கும். வூயி பாறைத் தேயிலையில் அதைவிட நல்ல சிவப்பு இருக்கும். தைவானின் இன்னொரு வகையான ஓரியண்டல் பியூட்டி 60 சதவீதத்தையும் தாண்டும். கேட்டவருக்கு என் யோசனை, முதலில் 25, 30 சதவீதத்தைக் குறிவைக்க வேண்டும். மிகக் குறைவாகச் செய்வது சுலபம் போலத் தோன்றும். உண்மையில் பச்சை வாடை போகாமல் நிற்பது அங்கேதான்.

இனி இலை. நம் பக்கம் ஒரு மொட்டு இரண்டு இலை என்று சிறு வயதிலிருந்தே கை பழகிவிட்டது. ஊலாங்குக்கு அது இளசு. மொட்டும் முதல் இலையும் குலுக்கலைத் தாங்காமல் முழுக்கக் கறுத்துவிடும், கசப்பும் அதிகம். வேண்டியது பஞ்சி: மொட்டு நின்றுபோய், கடைசி இலை விரியத் தொடங்கிய கிளை. அதன் மேல் இலை இரண்டாம் இலையின் பாதி அளவுக்கு வந்திருக்கும்போது, மூன்று இலையோடு, தண்டையும் சேர்த்துக் கிள்ள வேண்டும். பேக்டரியில் பஞ்சி வந்தால் தரம் குறைவு என்று ஒதுக்குவார்கள். இங்கே அதுதான் முதல் தரம். முற்றத் தொடங்கிய இலையில் கசப்பு குறைவு, மணமாக மாறக்கூடிய பொருள்கள் அதிகம். ஆனால் கரட்டு இலை ஆகிவிடக் கூடாது. இலையை மடக்கினால் முறியாமல் வளைய வேண்டும், தண்டை நகத்தால் கிள்ளினால் நார் இழுக்காமல் அறுபட வேண்டும். இலை எல்லாம் ஒரே பருவமாக இருப்பது மிக முக்கியம். இளசும் முற்றலும் கலந்தால் ஒன்று சிவப்பதற்குள் மற்றது கருகிவிடும்.

கிள்ளிய கொழுந்தைக் கைக்குள் அமுக்கிப் பிடிக்கவோ படுதாவில் திணிக்கவோ கூடாது. அமுங்கின இடமெல்லாம் வீடு வருவதற்குள் சிவந்திருக்கும். மூங்கில் கூடையில் தளர்வாகப் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் விரிக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்திருந்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முழுதும் கழிய வேண்டும். இந்த இலையை எந்தக் கட்டத்திலும் கழுவுவதில்லை.

மழைக்காலத்தில் முயலவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலும் இல்லை, இலையில் தண்ணீரும் அதிகம், தேயிலையைத் தாக்கும் கொப்புள நோயும் அதற்கான செம்பு மருந்தும் வேறு. மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை நமக்கு ஏற்ற காலம். அதிலும் பனி காய்ந்த பிறகு, காலை 10 மணிக்கு மேல் பகல் 1 மணிக்குள் கிள்ளிய இலை. பனி ஈரத்தோடு வந்த இலை எப்படிச் செய்தாலும் மந்தமாகத்தான் இருக்கும்.

கணக்குக்கு 3 கிலோ பச்சைக் கொழுந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு நல்ல எடைத் தராசு கட்டாயம் வேண்டும். அதுதான் இந்த வேலையில் முதல் கருவி. எட்டு முழ வேட்டியை விரித்தால் இந்த 3 கிலோவும் இலை மேல் இலை அதிகம் படாமல் பரவும். மாலை வெயிலோ இளவெயிலோ நல்லது. உச்சி வெயில் என்றால் மேலே பச்சை நிழல்வலை கட்டுங்கள். 30 முதல் 45 நிமிடம் போதும், நடுவில் இரண்டு தடவை மெல்லப் புரட்ட வேண்டும். இலையின் பளபளப்பு போய், தண்டைப் பிடித்துத் தூக்கினால் இரண்டாவது இலை தொங்க வேண்டும். தராசு 2.7 கிலோ காட்ட வேண்டும். 2.5-க்குக் கீழே போய்விட்டால் ஓரம் காய்ந்து, இரவில் சிவக்க ஈரம் இல்லாமல் போகும். வெயில் இல்லாத நாளில் வெதுவெதுப்பான காற்றில் வாட்டலாம், ஆனால் மணம் ஒரு படி குறையும்.

பிறகு உள்ளே கொண்டுபோய் மூன்றடி அகல மூங்கில் தட்டுகளில் அரைக் கிலோ வீதம் பரப்புங்கள். ஐந்தாறு தட்டு ஆகும். சுளகில் அவ்வளவு இடம் போதாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடாமல் விட்டால் தொங்கிய இலை கொஞ்சம் நிமிர்ந்திருப்பதைப் பார்க்கலாம். செடியிலிருந்து பிரிந்த பிறகும் இலைக்கு எங்கிருந்து தண்ணீர்? தண்டிலிருந்து. தண்டோடு கிள்ளச் சொன்னதற்கு இதுதான் காரணம். தண்டின் நீர் நரம்பு வழியாக ஏறி இலை ஓரம் வரை போய் ஆவியாகிறது; போகும்போது தண்டில் இருக்கும் இனிப்பான சத்துகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஊலாங் வேலை முழுக்க இந்த நீரை ஓட வைப்பதுதான். குலுக்குவது ஓரத்தைக் காயப்படுத்த மட்டும் இல்லை, தூங்கும் நீரை எழுப்பவும்தான். குலுக்கியதும் இலை விறைத்து எழும், பரப்பி வைத்தால் தளரும், மறுபடி குலுக்கினால் மறுபடி எழும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீர் போகிறது, கொஞ்சம் மணம் சேர்கிறது.

பகல் 2 மணிக்கு வெயிலில் போட்டால் கால அட்டவணை ஏறக்குறைய இப்படி வரும். மாலை 4 மணிக்கு முதல் குலுக்கல்: இரண்டு கையையும் இலைக்கு அடியில் விட்டு, பூ அள்ளுவது போலத் தூக்கிப் போடுங்கள், ஒரு நிமிடம் போதும். 5.30-க்கு இரண்டாவது, இரண்டு மூன்று நிமிடம். 7.30-க்கு மூன்றாவது, இப்போது தட்டைப் பிடித்து, அரிசி புடைப்பது போல ஆனால் சுழற்றி, இலை தட்டின் ஓரத்தில் உரசும்படி ஐந்து நிமிடம். 10 மணிக்கு நான்காவது, எட்டு முதல் பத்து நிமிடம், கொஞ்சம் பலமாகவே. அதன் பிறகு இரண்டு தட்டு இலையை ஒரு தட்டாக்கி, ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து விடுங்கள். குவியலுக்குள் வெதுவெதுப்பு சேர்ந்து மணம் எழும். அடுப்பில் போடும் நேரம் நள்ளிரவு 1 மணியோ 3 மணியோ. கடிகாரம் அதைத் தீர்மானிக்காது, மூக்குதான் தீர்மானிக்கும்.

அந்த மணத்தின் வரிசையைப் பழகிக்கொள்வது பாதி வித்தை. முதல் குலுக்கலில் புல் அறுத்த வாடை. இரண்டாவதில் அது குறைந்து வெள்ளரிக்காய் நறுக்கியது போல. மூன்றாவதுக்குப் பிறகு, இலை ஓய்வில் இருக்கும்போது, பூவின் சாயல் வந்து வந்து மறையும். நான்காவது கடந்து குவித்து வைத்த இலைக்குள் முகத்தைக் கொண்டுபோனால் மல்லிகையோ செண்பகமோ என்று சொல்லும்படி நிற்கும். அதற்கும் மேல் விட்டால் பழுத்த கொய்யாவின் பக்கம் போகும். அதற்கும் அப்பால் புளிப்பு. பூ முழுதாக எழுந்து பழம் எட்டிப் பார்க்கும் தருணம் நமக்கு வேண்டியது. கூடவே ஓர் இலையை எடுத்து டார்ச் லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். ஓரப் பற்களைச் சுற்றி அரக்குச் சிவப்பு, உள்ளே மஞ்சள் கலந்த வெளிர்ப்பச்சை, நரம்பு ஒளி ஊடுருவும்படி தெளிவு, இலை கவிழ்த்த கரண்டி போல முதுகு வளைந்திருப்பது: இத்தனையும் இருந்தால் தயார். எடை 2.2, 2.3 கிலோவுக்கு வந்திருக்கும்.

தவறுகள் பெரும்பாலும் இந்த இரவில்தான் நடக்கின்றன. முதல் இரண்டு குலுக்கலில் ஆசையாகப் பலம் காட்டினால் நரம்பு நசுங்கி நீர்ப்பாதை அடைபடும். தண்ணீர் இலைக்குள்ளேயே தேங்கிவிடும். அந்த இலை கரும்பச்சையாக, விறைப்பாக, பார்க்க அழகாகக்கூட இருக்கும். டீ போட்டால் நாக்கில் ஒட்டும் கசப்பு. கேட்டவர் சொன்ன பச்சை வாடையும் கசப்பும் பெரும்பாலும் இதுவே. நடுவில் குலுக்காமல் தூங்கப் போய்விட்டால் நீர் மேலோட்டமாக மட்டும் காய்ந்து, மணம் இல்லாத வெறும் டீ வரும்.

நம் மலைக்கே உரிய தொந்தரவு குளிர். அறை 20 முதல் 25 டிகிரியும், ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதமும் இருக்க வேண்டும். ஜனவரி இரவில் மூணாறு வட்டாரத்தில் இதில் பாதிச் சூடுகூட இருக்காது. இலை விறைத்துக் கிடக்கும், எத்தனை குலுக்கினாலும் சிவக்காது. விடியும் வரை பார்த்துவிட்டு, மாறவே இல்லை என்று பொறுமையிழந்து கசக்கினால் முழு இலையும் உடைந்து பிளாக் டீ ஆகிவிடும். சிறிய அறையில் கதவை அடைத்து, மின் ஹீட்டர் வைத்து, காற்று வறண்டால் நனைத்த வேட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஹீட்டர் காற்று நேராக இலையில் படக் கூடாது. விறகுக் கணப்பு கூடவே கூடாது. புகை வாடை ஒருமுறை ஏறினால் இறங்காது.

அடுத்தது சூடு. அடி கனமான இரும்புக் கடாய், உள்பரப்பு 220 முதல் 250 டிகிரி. அளக்க லேசர் தெர்மாமீட்டர் வாங்கும்போது கவனியுங்கள், நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் வகை இந்தச் சூட்டைக் காட்டாது. தொழிற்கூடத்துக்கு விற்பது வேண்டும். ஒரு தடவைக்கு 350, 400 கிராம் இலை, மேலே போனால் கடாய் ஆறிவிடும். இலை விழுந்ததும் படபடவென்று பொரிகிற சத்தம் கேட்க வேண்டும். முதல் ஒன்றரை நிமிடம் அதிகம் தூக்காமல், புரட்டி மட்டும் விடுங்கள். எழும் ஆவியே தண்டின் உள்ளே சூட்டைக் கொண்டுபோகும். பிறகு தூக்கித் தூக்கிப் போட்டு ஆவியை வெளியேற்றுங்கள். மொத்தம் ஆறேழு நிமிடம். இலையின் சூடு 80 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் என்சைம் சாகும். தண்டை வளைத்தால் முறியக் கூடாது, கையில் பிடித்து அமுக்கினால் லேசாக ஒட்ட வேண்டும், புல் வாடை அறவே போயிருக்க வேண்டும். தண்டு வேகாமல் விட்டால் மறுநாள் தண்டெல்லாம் சிவந்து, டீ புளிக்கும். ஆறு ஈடு முடிந்ததும் எடை ஒன்றரைக் கிலோ அளவில் நிற்கும்.

உருட்டுவதை வெதுவெதுப்பு ஆறுவதற்குள் செய்ய வேண்டும். ஆறிய இலை நொறுங்கும். முதல் நாலைந்து தடவைக்கு நீள இலையாகச் செய்யுங்கள் என்பேன். இலையை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, கரடான மூங்கில் தட்டின் மேல் ஒரே திசையில் ஐந்து நிமிடம் உருட்டி, அவிழ்த்து உதறி, மறுபடி ஐந்து நிமிடம். முடிந்தது. பிளாக் டீ பேக்டரியின் ஆர்த்தடாக்ஸ் ரோலிங் மேசையில் (இலையை உருட்டும் இயந்திரம்) போடுவது போல அரைக்கக் கூடாது. இலை முழுதாகச் சுருண்டு நிற்க வேண்டும்.

உருண்டை ஊலாங் வேறு கதை. சூடு காட்டிய இலையை முதலில் 1 கிலோ எடை வரும் வரை மிதமாக உலர்த்தி, சில மணி நேரம் மூடி வைத்து, தண்டின் ஈரம் இலைக்குப் பரவ விட வேண்டும். பின் 60 டிகிரிக்குச் சூடாக்கி, துணியில் பந்தாக முறுக்கி, சப்பாத்தி மாவு பிசைவது போல நாலைந்து நிமிடம் அமுக்கி உருட்டி, அவிழ்த்து, கட்டி உடைத்து, மறுபடி சூடாக்கிக் கட்ட வேண்டும். தைவானில் இயந்திரம் வைத்தே இருபது முப்பது தடவைக்கு மேல் செய்கிறார்கள். கையால் பத்துப் பன்னிரண்டு தடவை செய்தால் அரை உருண்டை வரும். சூடான பந்தை அவிழ்க்காமல் மறந்துவிட்டால் அவிந்த கீரை வாடை வந்துவிடும்.

உலர்த்தல் இரண்டு கட்டம்: 100 டிகிரியில் அரை மணி, வெளியே எடுத்து ஒரு மணி நேரம் ஆற விட்டு, 80 டிகிரியில் தண்டு படக்கென்று ஒடியும் வரை. மின் அவன் போதும், கதவைக் கொஞ்சம் திறந்து ஆவி போக விடுங்கள். ஈரம் 5 சதவீதத்துக்குக் கீழே வந்து, கையில் ஏறக்குறைய 700 கிராம் டீ நிற்கும். நாலேகால் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ என்ற கணக்கு.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு தயாராக இருக்கிறதே என்று பூப்பாறை, போடிமெட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தோன்றும். தயவுசெய்து அங்கே கொண்டுபோக வேண்டாம். தேயிலை வாடையைப் பஞ்சு போல உறிஞ்சும். ஒரு இரவு பட்ட பாடு முழுக்க ஏலக்காய் டீயாகப் போய்விடும். பொதி கட்டி வைத்திருக்கும் அறையில் கூட வேண்டாம்.

இந்த நிலையிலேயே குடிக்கலாம். வறுத்த வகை வேண்டுமானால் ஒரு வாரம் டப்பாவில் மூடி வைத்துவிட்டு, 90 டிகிரியில் இரண்டு மணி நேரம், பிறகு 110 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காட்டுங்கள். நேராக அதிகச் சூட்டில் வைத்தால் வெளியே கருகி, உள்ளே ஈரம் நிற்கும். வறுத்ததும் சூட்டு வாடை முன்னால் நிற்கும்; இரண்டு மூன்று வாரம் மூடி வைத்தால் அடங்கும். கரி அனலில் வறுப்பது அழகான முறைதான், ஆனால் புகை முற்றும் அடங்கிய கரியில், சாம்பல் மூடிய பிறகு மட்டும். கிராண்டிஸ் போன்ற யூகலிப்டஸ் மரக் கரி வேண்டாம்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஓரியண்டல் பியூட்டியில் பூச்சி கடித்த இலைதான் தேன் மணம் தருகிறது என்று படித்துவிட்டு, நம் தோட்டத்தில் தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி கடித்த கொழுந்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. தைவானில் கடிப்பது பச்சைத் தத்துப்பூச்சி. சாறு உறிஞ்சினால் இலை மஞ்சளித்துச் சுருங்கும், செடி எதிர்ப்புக்காகச் சுரக்கும் பொருள்களே அந்த மணம். தேயிலைக் கொசு கடித்தால் வட்டவட்டமாகச் செத்த புள்ளி விழும். அந்த இலையில் கசப்பைத் தவிர ஒன்றும் இல்லை, ஒதுக்கிவிடுங்கள்.

சோதிக்க 3 கிராம் டீக்கு 150 மில்லி தண்ணீர், ஐந்து நிமிடம். மூணாறு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊலாங்குக்கு அதுதான் சரியான சூடு. கொதித்த கையோடு ஊற்றுங்கள். பால் வேண்டாம். குடித்து முடித்ததும் இலையை வெள்ளைத் தட்டில் விரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரம் சிவந்து நடு பச்சை என்றால் இரவு சரி. இலை முழுக்கச் செம்பு நிறம் என்றால் குலுக்கல் முரடு, நான்காவதைப் பாதியாகக் குறையுங்கள். சிவப்பே இல்லாமல் கரும்பச்சை என்றால் நீர் தேங்கியிருக்கிறது; வெயிலில் இன்னும் பத்து நிமிடம், முதல் குலுக்கல் இன்னும் மென்மை. இலை பச்சை, தண்டு மட்டும் சிவப்பு என்றால் கடாயில் ஒரு நிமிடம் கூட்டுங்கள். கறுப்புப் புள்ளி என்றால் கடாய் அதிகச் சூடு. ஒரு ஈட்டுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, எடையையும் நேரத்தையும் அறையின் சூட்டையும் குறித்து வையுங்கள். இரண்டு மாற்றத்தைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.